ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எந்த ஃபைலை எங்கே வைத்தால் வேகம் கிடைக்கும்? (2 டிபி, நாலு பார்ட்டிஷன், வீடியோ எடிட்டிங்)

#1 ஸ்டூடியோக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ, போட்டோ எடிட்டிங்தான் தொழில். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான், 7200 ஆர்பிஎம். அசெம்பிள் செய்து கொடுத்தவர் அதை நாலு சம பங்காகப் பிரித்துவிட்டார், ஒவ்வொன்றும் சுமார் 465 ஜிபி.

சி டிரைவில் விண்டோஸ் 10, பிரீமியர், லைட்ரூம். டி-யில் கேமராவிலிருந்து இறக்கும் ஃபுட்டேஜ். ஈ-யில் போட்டோக்கள். எஃப்-இல் எக்ஸ்போர்ட் செய்த வீடியோக்களும் பழைய கஸ்டமர் வேலைகளும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், நாலு கேமரா 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் விக்கி விக்கி ஓடுகிறது. ரேம் 16 ஜிபி. பிராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 20, 30 எம்பிதான். 100 சதவீதம் வேலை செய்கிற டிஸ்க் ஏன் 30 எம்பி கொடுக்கிறது?

முகூர்த்த சீசன் முடியும்வரை பெரிய செலவு செய்ய வழியில்லை. பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது. ஃபைல்களை இடம் மாற்றி வைப்பதால் ஏதாவது பலன் உண்டா?

#2 கீபோர்டுதாசன்

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் ஓடும் டிஸ்க்) வாங்குங்க அண்ணா. இழையை மூடிடலாம்.

#3 ஸ்டூடியோக்காரன்

வாங்குவேன் தம்பி. ஆனால் ஒரு கல்யாணத்துக்கே 300, 400 ஜிபி வருகிறது. விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டாலும் ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கப் போகிறது. அதனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

#4 வட்டுவைத்தியர்

100 சதவீதம் என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்ற கணக்கு. எவ்வளவு டேட்டா கொடுத்தது என்ற கணக்கு இல்லை. உங்கள் டிஸ்க்கின் பெரும்பாலான நேரம் ஹெட் (தட்டில் டேட்டாவைப் படிக்கும், எழுதும் முனை) இங்கும் அங்கும் ஓடுவதிலேயே போகிறது.

7200 ஆர்பிஎம் என்றால் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.33 மில்லி நொடி. வேண்டிய செக்டார் (தட்டில் டேட்டா இருக்கும் சிறு துண்டு) ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெட் சரியான டிராக்குக்கு (தட்டில் உள்ள வட்டப் பாதை) போக வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்கில் அதற்குச் சராசரியாக 8, 9 மில்லி நொடி ஆகும். இரண்டையும் கூட்டினால் 13. ஆக, இடம் மாறி மாறிப் படித்தால் நொடிக்கு 75 தடவைதான் படிக்கலாம். ஒவ்வொரு தடவையும் 4 கேபி மட்டும் எடுத்தால் நொடிக்கு வெறும் 300 கேபி. அதே டிஸ்க்கை ஒரே ஃபைலை நேராகப் படிக்கச் சொன்னால் 150 எம்பி கொடுக்கும்.

உங்கள் கேஸுக்கு வருவோம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபுட்டேஜ் என்றால் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 12.5 எம்பி (பிட்டை பைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும்). நாலு கேமராவுக்கு 50 எம்பி. 150 கொடுக்கிற டிஸ்க்குக்கு இது சாதாரணம் என்று தோன்றும். ஆனால் நாலும் நாலு தனி ஃபைல். இதில் ஒரு எம்பி, அதில் ஒரு எம்பி என்று மாற்றி மாற்றிப் படிக்கிறது என்று வையுங்கள். ஒரு எம்பி படிக்க 7 மில்லி நொடி, அந்த இடத்துக்குப் போய்ச் சேர 13. மொத்தம் 20. நொடிக்கு 50 எம்பி.

தேவையும் 50, கிடைப்பதும் 50. அந்த நேரத்தில் சி-யில் பிரீமியர் மீடியா கேச் (தன் வசதிக்கு உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள்) எழுதினாலோ, விண்டோஸ் அப்டேட் எதையாவது இறக்கினாலோ போச்சு.

இப்போது உங்கள் பார்ட்டிஷன் அமைப்பைப் பாருங்கள். சி தட்டின் வெளி விளிம்பில் இருக்கிறது, எஃப் உள் முனையில். ஃபுட்டேஜ் டி-யில், கேச் சி-யில், எக்ஸ்போர்ட் எஃப்-இல். எக்ஸ்போர்ட் ஓடும்போது ஹெட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்துகொண்டே இருக்கும். மை கம்ப்யூட்டரில் நாலு டிரைவாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு கை. எல்லா ஹெட்டும் அந்த ஒரே கையில்தான் சேர்ந்து நகரும்.

#5 மௌனவாசகி

இடம் மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம்தான். ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை) இரண்டும் சுழியமா என்று பாருங்கள். பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் பிரச்சினை ஃபைல் இருக்கும் இடத்தில் இல்லை, டிஸ்க் சாகப் போகிறது. அந்த நிலையில் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலை) ஓட்டுவது ஆபத்து. முதலில் டேட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

#6 ஸ்டூடியோக்காரன்

பார்த்துவிட்டேன். 2 டிபி, பழைய 500 இரண்டிலும் அந்த எண்கள் சுழியம். குட் என்று நீல நிறத்தில் காட்டுகிறது.

வட்டுவைத்தியர் சார், சி வெளி விளிம்பில் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சிடி உள்ளேயிருந்துதானே ஆரம்பிக்கும்?

#7 வட்டுவைத்தியர்

சிடி, டிவிடி உள்ளிருந்து வெளியே. ஹார்ட் டிஸ்க் அதற்கு நேர் எதிர்: முதல் செக்டார் வெளி விளிம்பில், எண் ஏற ஏற உள்ளே போகும். பல தட்டுகள் இருப்பதால் ஒரு பரப்பில் கொஞ்ச தூரம், அடுத்த பரப்பில் கொஞ்ச தூரம் என்று மாறி மாறிப் போகும். மொத்தத்தில் திசை வெளியிலிருந்து உள்ளேதான்.

இதனால் கிடைக்கும் லாபம் இரண்டு.

தட்டு எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. வெளி டிராக்கின் சுற்றளவு பெரியது, அதில் அதிக செக்டார் எழுதியிருக்கிறார்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் டேட்டா இருக்கும் பகுதி தோராயமாக மையத்திலிருந்து 46 மில்லிமீட்டரில் தொடங்கி 22-இல் முடிகிறது என்று வையுங்கள். 46-ஐ 22-ஆல் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றில் வெளியே கிடைக்கும் டேட்டா உள்ளே கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. எச்டி டியூன் (டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள், கோடு இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கும்.

இரண்டாவது லாபம் பலருக்குத் தெரியாது. வெளியே அதிக டேட்டா அடங்குவதால், அதே அளவு டேட்டாவுக்கு ஹெட் நகர வேண்டிய தூரம் குறைவு. மேலே சொன்ன அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், டிஸ்க்கின் முதல் கால் பங்கு கொள்ளளவு ஹெட்டின் மொத்தப் பாதையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். முதல் பாதி கொள்ளளவு சுமார் 41 சதவீதத்துக்குள். எஸ்எஸ்டிக்கு முந்தைய காலத்தில் பெரிய டேட்டாபேஸ் சர்வர்களில் டிஸ்க்கின் வெளிப்பகுதியை மட்டும் பயன்படுத்தி மீதியைக் காலியாக விடுவார்கள். ஷார்ட் ஸ்ட்ரோக்கிங் என்று அதற்குப் பெயர். காசு கொடுத்து வாங்கிய ஜிபியை வேகத்துக்காகத் தியாகம் செய்வது.

ஆனால் ஒன்று. இதனால் ஹெட் நகரும் நேரம்தான் குறையும். அந்த 4.17 மில்லி நொடி காத்திருப்பை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. 13 மில்லி நொடி 9 ஆகலாம், 2 ஆகாது. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

#8 ஸ்டூடியோக்காரன்

எச்டி டியூன் ஓட்டினேன். ஆரம்பத்தில் 180-க்கு மேல், கடைசியில் 90-க்குப் பக்கம். அப்படியே சொன்னபடி இறங்குகிறது. இத்தனை வருஷமாக எக்ஸ்போர்ட்டை டிஸ்க்கின் மெதுவான கோடியில் எழுதிக்கொண்டிருந்தேனா!

#9 லினக்ஸ்தாத்தா

வைத்தியர் சொல்வதில் ஒரு மாற்றுக் கருத்து. அடிக்கடி கேட்கப்படும் ஃபைல்களுக்குச் சிறந்த இடம் வெளி விளிம்பு இல்லை, நடு. மிக அதிகம் கேட்கப்படுவதை நட்ட நடுவில் வைத்து, அடுத்ததை அதன் ஒரு பக்கம், அதற்கடுத்ததை மறுபக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஹெட் நகரும் சராசரித் தூரம் குறையும். ஆர்கன் பைப் அமைப்பு என்பார்கள். 1970-களிலேயே கணக்குப் போட்டு நிறுவிய விஷயம். விளிம்பில் இருந்தால் மறுகோடிக்கு முழுத் தூரம் போக வேண்டும், நடுவில் இருந்தால் எந்தப் பக்கமும் பாதித் தூரம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் முன்னால் இழுத்து இறுக்கி அடுக்குவதுதான் ஒழுங்கு என்று நினைக்கிறார்கள். யூனிக்ஸ் பக்கம் யோசனையே வேறு. 1984-இல் மெக்குசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நால்வரும் பெர்க்லியில் செய்த ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல் எங்கே போக வேண்டும் என்று நிர்வகிக்கும் அமைப்பு) பற்றி எழுதினார்கள். அதற்கு முந்தைய ஃபைல் சிஸ்டம் புதிதாக ஃபார்மேட் செய்தபோது நொடிக்கு 175 கேபி கொடுத்ததாம். சில வாரம் புழங்கிய பிறகு அதே டிஸ்க்கில் 30 கேபி. பிளாக்குகள் கண்ட இடத்தில் சிதறியதுதான் காரணம்.

அவர்கள் செய்தது என்ன? டிஸ்க்கைப் பல சிலிண்டர் குழுக்களாக, அதாவது அடுத்தடுத்த டிராக்குகளின் தொகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை ஒரே குழுவில் சேர்த்து வைத்தார்கள். ஆனால் புது ஃபோல்டர் உருவாக்கினால் அதைக் காலியாக இருக்கும் வேறு குழுவுக்குத் தள்ளினார்கள். பெரிய ஃபைல் ஒரே குழுவை விழுங்கிவிடக் கூடாது என்று 48 கேபி தாண்டியதும் வேறு குழுவுக்கு, அதன் பிறகு ஒவ்வொரு எம்பிக்கும் வேறு குழுவுக்கு மாற்றினார்கள். எங்கேயும் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். டிஸ்க்கில் 10 சதவீதம் எப்போதும் காலி. இன்றைய லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கென 5 சதவீதம் ஒதுக்குவதும் அந்த வழிதான்.

இறுக்கி அடுக்கிய டிஸ்க்கில் ஒரு ஃபைல் வளர்ந்தால் அதன் அடுத்த துண்டு எங்கே போகும்? காத தூரத்துக்கு.

#10 கீபோர்டுதாசன்

தாத்தா, அந்த 30 கேபி கதை அருமை. எங்க வீட்டு பிராட்பேண்ட் மழைக்காலத்தில் அப்படித்தான்.

#11 வட்டுவைத்தியர்

தாத்தாவிடம் மோதும் தைரியம் எனக்கு இல்லை, ஆனாலும்.

ஆர்கன் பைப் கணக்கு சரிதான். அது எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் முந்தையதோடு தொடர்பில்லாமல் வருகிறது. எல்லா டிராக்கிலும் ஒரே அளவு டேட்டா இருக்கிறது. இன்றைய டிஸ்க்கில் இரண்டாவது பொய். நம் வேலையில் முதலாவதும் பொய். ஸ்டூடியோக்காரர் இன்று மாலை எடிட் செய்யும்போது தொடுவது ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ், அதன் கேச், பிரீமியர், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முந்தைய கஸ்டமர் ஃபோல்டரை அந்த நேரத்தில் யாரும் திறப்பதில்லை. 2 டிபியில் சூடாக இருப்பது 400, 500 ஜிபி. அது ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் ஹெட் அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகவே போகாது. அந்த வட்டாரம் நடுவில் இருந்தால் என்ன, ஓரத்தில் இருந்தால் என்ன? ஹெட் நகரும் தூரத்தில் பெரிய மாற்றமில்லை. அப்படியானால் இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும் வெளிப்பக்கத்திலேயே வைத்துவிடலாமே.

அதனால் என் கட்சி இதுதான்: எந்த இடம் என்பதைவிட, எதற்குப் பக்கத்தில் எது என்பதுதான் முக்கியம்.

காலி இடம் விடுவதில் தாத்தாவோடு முழுக்க உடன்படுகிறேன். ஸ்டூடியோக்காரரே, டி டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது?

#12 ஸ்டூடியோக்காரன்

சிவப்புக் கோடு. 20 ஜிபி மிச்சம்.

#13 லினக்ஸ்தாத்தா

அதுதானே பார்த்தேன். அந்த நிலையில் எந்த ஃபைல் சிஸ்டமாக இருந்தாலும் புது ஃபைலைக் கிடைத்த சந்து பொந்தில்தான் போட முடியும். 15, 20 சதவீதம் காலியாக வையுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஃப்ராக்கே 15 சதவீதம் காலியிடம் இல்லாவிட்டால் ஒழுங்காக ஓடாது.

சூடான ஃபைல்களை ஒரே இடத்தில் சேர்ப்பது பற்றி வைத்தியர் சொன்னதை ஏற்கிறேன். ஆப்பிள் அதைத்தான் 2003-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3-இல் செய்தது. அடிக்கடி படிக்கப்படும், 10 எம்பிக்கு உட்பட்ட ஃபைல்களைக் கண்டுபிடித்து, டிஸ்க்கில் மெட்டாடேட்டா (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகள்) இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் தானாகவே நகர்த்தி வைக்கும். சூடு குறைந்ததும் வெளியே தள்ளிவிடும். பயனருக்கு ஒன்றும் தெரியாது.

(இந்தப் பைத்தியம் ஹார்ட் டிஸ்க்குக்கு முன்பே உண்டு. 1954-இல் வந்த ஐபிஎம் 650-இல் நினைவகமே நிமிடத்துக்கு 12,500 தடவை சுழலும் காந்த உருளை. ஒவ்வொரு கட்டளையிலும் அடுத்த கட்டளை இருக்கும் முகவரியையும் எழுத வேண்டும். ஒரு கட்டளை முடியும் நேரத்தில் எந்த இடம் ஹெட்டுக்குக் கீழே வருமோ அங்கே அடுத்த கட்டளையை வைத்தால் புரோகிராம் பறக்கும். தவறினால் ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கவே சோப் என்று ஒரு அசெம்பிளர் இருந்தது.)

#14 புதுமுகம்_22

இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு, ஃபைலை எல்லாம் தானா முன்னாடி கொண்டு வந்துடும். ஃபுல் வெர்ஷன் லிங்க் இதோ: [நீக்கப்பட்டது]

#15 நெறியாளர்

கிராக் செய்த மென்பொருளின் சுட்டியை நீக்கியிருக்கிறேன். இன்னொரு முறை போட்டால் கணக்கு முடக்கப்படும்.

#16 மௌனவாசகி

ஆனால் புதுமுகம் சொன்னதில் ஒரு கேள்வி இருக்கிறது. டிஃப்ராக் மென்பொருள்கள் உண்மையிலேயே உதவுமா? என் அண்ணன் டாஸ் காலத்தில் கலர் கட்டங்கள் நகர்வதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான்.

#17 வட்டுவைத்தியர்

நானும் பார்த்திருக்கிறேன். அது ஒரு தியானம்.

உதவுமா என்றால், ஃபைல் எத்தனை துண்டு என்பதைப் பொறுத்தது. 100 எம்பி ஃபைல் ஒன்று. நொடிக்கு 150 எம்பி என்றால் படித்து முடிக்க முக்கால் நொடிகூட ஆகாது. அது பத்துத் துண்டாக இருந்தால் கூடுதலாக 130 மில்லி நொடி, யாருக்கும் தெரியாது. இரண்டாயிரம் துண்டாக இருந்தால் கூடுதலாக 26 நொடி. அதனால்தான் விஸ்டாவிலிருந்து விண்டோஸின் டிஃப்ராக் 64 எம்பிக்குப் பெரிய துண்டுகளைத் தொடுவதில்லை. 64 எம்பியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்க 640 மில்லி நொடி. அடுத்த துண்டுக்குத் தாவ 13. இரண்டு சதவீதம். அதைச் சரி செய்ய மணிக்கணக்கில் டேட்டாவை நகர்த்துவது வீண்.

அடுத்து, இடம் பார்த்து வைக்கும் வேலை. எக்ஸ்பியிலேயே இது உண்டு. பூட் ஆகும்போதும் புரோகிராம் திறக்கும்போதும் எந்த ஃபைல் எந்த வரிசையில் படிக்கப்படுகிறது என்று பிரீஃபெட்ச் ஃபோல்டரில் குறித்து வைத்துக்கொள்ளும். சில நாளுக்கு ஒருமுறை, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில், அந்த வரிசைப்படியே ஃபைல்களை டிஸ்க்கில் அடுத்தடுத்து அடுக்கும். மைடிஃப்ராக் மாதிரி இலவச மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த வகை ஃபைல் எந்தப் பகுதியில் என்று நாமே எழுதிக் கொடுக்க விட்டன. லினக்ஸில் இ4ரேட் என்று ஒன்று, பூட் ஃபைல்களை எக்ஸ்ட்4-இல் ஒன்றாகச் சேர்க்கும்.

இவையெல்லாம் சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் படிக்கப்படும் இடத்தில், அதாவது பூட், பெரிய புரோகிராம் திறப்பு, இதில் நல்ல பலன் தரும். 20 ஜிபி வீடியோ ஃபைலுக்கு இவற்றால் பெரிய பலன் இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

#18 கீபோர்டுதாசன்

கேம் போடுறவங்க இதை வேற மாதிரி சமாளிச்சாங்க. ஹெட் ஓடக் கூடாதா? அப்படின்னா ஒரே ஃபைலைத் தேவைப்படும் எல்லா இடத்திலும் காப்பி பண்ணி வை! 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5 பற்றிப் பேசும்போது மார்க் செர்னி சொன்னார்: பிஎஸ்4-இன் ஸ்பைடர்மேன் கேமில் தபால் பெட்டி மாதிரியான சில பொருள்களின் டேட்டா ஹார்ட் டிஸ்க்கில் 400 தடவை இருக்குமாம். நகரத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரே மூச்சில் படிக்கணும், அதுக்காக.

இதன் மறுபக்கமும் இருக்கு. ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பதிப்பு இதே காரணத்தால் 150 ஜிபியைத் தாண்டிப் போச்சு. 2025 டிசம்பரில் இரட்டிப்பையெல்லாம் எடுத்துட்டு 23 ஜிபியா சுருக்கிட்டாங்க. ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுறவங்களுக்கு லோடிங் பல மடங்கு ஆகிடும்னு முதலில் பயந்தாங்களாம். சோதிச்சுப் பார்த்தால் சில நொடிதான் வித்தியாசம். அந்தக் கேமில் நேரத்தைத் தின்றது டிஸ்க் இல்லை, லெவலை உருவாக்கும் கணக்குதான்.

#19 லினக்ஸ்தாத்தா

அளந்து பார்க்காமல் டிஸ்க் மேல் பழி போட்டதற்கு 130 ஜிபி அபராதம். தம்பி, #2-இல் நீ எழுதியதை மன்னித்தேன்.

#20 ஸ்டூடியோக்காரன்

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது. இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? பார்ட்டிஷனை அழித்து மறுபடி போட வேண்டுமா? யூடியூபில் ஒருவர் பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) சி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் வேகம் கூடும் என்கிறார். அதையும் செய்யலாமா?

#21 வட்டுவைத்தியர்

பேஜ்ஃபைலில் தொடங்குகிறேன். வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினால் லாபம். ஒரே டிஸ்க்கின் சி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் நஷ்டம், ஹெட் விண்டோஸ் ஃபைலுக்கும் பேஜ்ஃபைலுக்கும் இன்னும் தூரமாக ஓடும். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

பார்ட்டிஷனை அழிக்க வேண்டாம். ஃபைல்களை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றினால் போதும். இதுவரை வகை வாரியாகப் பிரித்தீர்கள்: வீடியோ ஒன்றில், போட்டோ ஒன்றில். இனி வேலை நடக்கிறதா, முடிந்ததா என்று பிரியுங்கள். நடப்பு வேலைகள், வீடியோவோ போட்டோவோ, எல்லாம் டி-யில். டெலிவரி கொடுத்து முடித்தவை ஈ-யிலும் எஃப்-இலும். சி-யும் டி-யும் அடுத்தடுத்து இருப்பவை, டிஸ்க்கின் முதல் பாதி. அப்புறம் ஹெட் 41 சதவீதப் பாதைக்குள்ளேயே சுற்றும், அதுவும் வேகமான பகுதியில்.

டி-யில் 80, 90 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். முடிந்த வேலையை நகர்த்தி, டி நன்றாகக் காலியான பிறகு ஒருமுறை விண்டோஸின் சொந்த டிஃப்ராக்கை இரவில் ஓட்டிவிடுங்கள்.

அந்த 500 ஜிபி டிஸ்க்தான் உங்களுக்கு உண்மையான மருந்து. மேலே நான் சொன்னதையெல்லாம் சேர்த்தாலும் அதன் பலனுக்கு ஈடாகாது. அதைப் போட்டு, பழைய பார்ட்டிஷனை அழித்து விண்டோஸ் 10-இலேயே புதிதாக உருவாக்குங்கள். எக்ஸ்பி 63-ஆவது செக்டாரில் பார்ட்டிஷனைத் தொடங்கும். 4 கேபி செக்டார் உள்ள டிஸ்க்காக இருந்தால் அந்தத் தொடக்கத்தால் எழுதும் ஒவ்வொரு துண்டும் இரண்டு செக்டாரில் விழும். இப்போதைய விண்டோஸ் சரியாக 1 எம்பியில் தொடங்கும். பிரீமியரின் பிரிஃபரன்ஸில் மீடியா கேச் இடத்தை அங்கே மாற்றுங்கள். எக்ஸ்போர்ட்டும் அங்கேயே. பேஜ்ஃபைலும் அங்கே போகட்டும். ஒரு டிஸ்க் படித்துக்கொண்டே இருக்கும், இன்னொன்று எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டு கை.

#22 மௌனவாசகி

ஒரு எச்சரிக்கை. பழைய டிஸ்க்கில் கேச், எக்ஸ்போர்ட் மாதிரி மறுபடி உருவாக்கக் கூடியவை மட்டும் இருக்கட்டும். ஃபுட்டேஜின் ஒரே பிரதி அதில் இருக்கக் கூடாது. தாலி கட்டுவதை ரீடேக் எடுக்க முடியாது.

ஃபுட்டேஜ் இறக்கும்போது இரண்டு கார்டை ஒரே நேரத்தில் காப்பி போடாதீர்கள். ஹெட் இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகும், இரண்டும் தாமதமாகும். ஒன்று முடிந்து அடுத்தது.

#23 பழையபாட்டு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி வேலைதான், டிஸ்க் போன வருஷம் வாங்கிய 4 டிபி. எச்டி டியூனில் படிக்கும் வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய ஃபோல்டரை எழுதும்போது முதலில் பறந்து, பிறகு 10, 15 எம்பிக்கு விழுந்துவிடுகிறது. முன்பகுதியில் வைத்தும் பலனில்லை.

#24 லினக்ஸ்தாத்தா

மாடல் எண்ணைத் தேடி, அது எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். அந்த வகையில் டிராக்குகள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு டிராக்கை மாற்றி எழுதினால் அடுத்ததும் அழியும், அதனால் ஒரு பெரிய பட்டை முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். அந்த அவஸ்தையை மறைக்க டிஸ்க் முதலில் ஒரு கேச் பகுதியில் எழுதிக்கொண்டு, சும்மா இருக்கும்போது சரியான இடத்துக்கு மாற்றும். கேச் நிரம்பியதும் நீங்கள் சொன்ன 10 எம்பி.

இந்த டிஸ்க்கில் செக்டார் எண்ணுக்கும் இடத்துக்கும் உள்ள உறவை டிஸ்க்கே மாற்றிக்கொண்டிருக்கும். நாம் ஃபைலை இடம் பார்த்து வைப்பதில் அர்த்தமில்லை, அடிக்கடி டிஃப்ராக் ஓட்டுவது நிலைமையை மோசமாக்கும். முடிந்த வேலைகளைச் சேமித்து வைக்க அதைப் பயன்படுத்துங்கள். எடிட்டிங்குக்கு டிராக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத, சாதாரண சிஎம்ஆர் டிஸ்க் வாங்குங்கள்.

#25 பழையபாட்டு

எஸ்எம்ஆர்தான். கடையில் யாரும் சொல்லவில்லை. நன்றி ஐயா.

#26 ஸ்டூடியோக்காரன்

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லாததால் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். முடிந்த வேலைகளை ஈ, எஃப்-க்கு நகர்த்தியதில்தான் பாதி நாள் போனது. 500-ஐப் போட்டு கேச், எக்ஸ்போர்ட், பேஜ்ஃபைல் மூன்றையும் மாற்றினேன்.

மூன்று கேமராவரை இப்போது சிக்கலே இல்லை. எக்ஸ்போர்ட் ஓடும்போதே லைட்ரூமில் போட்டோ தேர்வு செய்ய முடிகிறது, முன்பு அது நடக்காத காரியம். நாலு கேமரா போட்டால் மட்டும், டைம்லைனில் இங்கும் அங்கும் தாவும்போது இன்னும் ஒரு கணம் நிற்கிறது.

#27 வட்டுவைத்தியர்

அந்த ஒரு கணத்துக்குக் காரணம் நாலு ஃபைல், ஒரு கை. இடம் மாற்றி இதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. பிராக்ஸி உருவாக்குங்கள். சின்ன அளவில் மறுபிரதி, எடிட் முழுக்க அதில், எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் அசல் ஃபைல். நாலு கேமராவும் சேர்ந்தே நொடிக்கு 5, 6 எம்பிக்குள் அடங்கிவிடும். பிராக்ஸியை 500-இல் வையுங்கள். கேச்சும் அங்கே இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், இவ்வளவு குறைந்த அளவை அந்த டிஸ்க் தாங்கும்.

#28 கீபோர்டுதாசன்

அண்ணா, சீசன் முடிஞ்சு எஸ்எஸ்டி வாங்கும்போது விண்டோஸோடு லைட்ரூம் கேட்டலாக், பிரிவியூ, மீடியா கேச் இதையெல்லாம் அதில் போடுங்க. சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் இருப்பது அதுங்கதான். ஃபுட்டேஜ் இப்போ இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சின்ன எஸ்எஸ்டியே போதும்.

#29 ஸ்டூடியோக்காரன்

சரி தம்பி. பிராக்ஸி இரவில் ஓட விட்டிருக்கிறேன்.